கெலிஓயாவில் மாறிய ஒலிப்பெட்டி

"திங்கக்கிழமை பொலிசுக்குப் போறாங்களாம் அம்மா. அதுக்கு முன்னாடி நீங்க வந்து பாக்கணும்."

அம்பிட்டியவில் ருக்கியாவின் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார் சதீஸ். கண்டி டவுனில் பழைய மணிக்கூடும் ரேடியோவும் திருத்துகிறவர் அவர். கெலிஓயா கைரியா டீச்சரின் நூறு வருடப் பழைய போனோகிராப்பைச் சுத்தம் செய்து, போன திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். புதன்கிழமை, ஒன்பது இலட்சத்துக்கு அதை வாங்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். ஊசி பூட்டியிருக்கும் வட்டமான ஒலிப்பெட்டியை டீச்சரின் கண்முன்னேயே கழற்றிப் பார்த்தவர், "இது அசல் இல்லை" என்று எழுந்து போய்விட்டார். பழி சதீஸ் மேல் விழுந்தது. டீச்சர் டவுனில் நாலு கடைகளுக்குப் போன் செய்து சொல்லியும் விட்டார். மூன்று நாளாக ஒரு மணிக்கூடுகூடத் திருத்த வரவில்லை.

காப்புறுதிக் கம்பனியில் முப்பது வருடம் சேதம் மதிப்பிட்டவர் ருக்கியா. அவசரப்படத் தெரியாது. அவருக்கும் சேர்த்து அவசரப்பட, புருஷனின் தங்கை ரிப்கா இருந்தாள்.

"என்ன மதினி இன்னும் யோசனை? நான் த்ரீவீல் பிடிச்சாச்சு!"

கெலிஓயாவில், டீச்சர் சதீஸின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்துக் கதிரையில் அவருடைய தாத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், மகன் ருஷ்தி உட்கார்ந்திருந்தான்.

"பாவம் சாச்சி," என்றான். "மூணு இலட்சத்துக்கு நானே எடுக்கிறன் எண்டு செல்லியீக்கிறன். எனக்கு இந்த மெஷின் ஒண்டும் தெரியாது, தொட்டதும் இல்ல. சும்மா வீட்டுக்கு அழகுக்குத்தான்."

"ஓடவிட்டுக் காட்டுங்களேன் டீச்சர்," என்றார் ருக்கியா.

டீச்சர் பாட்டுப் பதிந்த மெழுகு உருளையைத் தம்ளர்போல் பிடித்து மாட்டிச் சாவி கொடுத்தார். தகரத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல இரைச்சலோடு பாட்டு வந்தது.

"இவர் கொண்டு வந்த அண்டைக்கும் இப்பிடியா?"

"இல்ல, நல்ல தெளிவு. இவர் போன பிறகு ரெகோட் பண்ணி, கத்தார்ல ஈக்கிற மகள் ஸனாவுக்கும் அனுப்பினன்."

போனில் அதைப் போட்டார். அதே பாட்டு. வண்டைக் காணோம்.

"ருஷ்தி, பெட்டியில ஈக்கிற மற்ற உருளையத் தாங்க," என்றார் ருக்கியா.

உருளையின் உள்ளே இரண்டு விரல்களை விட்டு, மெல்ல விரித்துத் தூக்கி நீட்டினான் ருஷ்தி. பார்த்தீர்கள்தானே? ருக்கியாவும் பார்த்தார்.

"ஒலிப்பெட்டி கடையில மாறல்ல," என்றார். "மாறியிருந்தா இவர் போன பிறகு எடுத்த ரெகோட்லயும் இரைச்சல் கேட்கணும். மாறினது இந்த வீட்டுல, புதன்கிழமைக்கு முன்ன. அதுக்கிடையில ஆர் வந்த, டீச்சர்?"

டீச்சரின் குரல் இறங்கியது. "ருஷ்தி மட்டும்தான்."

"நான் தொட்டதே இல்ல எண்டு செல்றன்!"

"இப்ப உருளைய எப்பிடித் தூக்கின நீங்க? டீச்சர் தம்ளர் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சாங்க. தெரியாத ஆரும் அப்பிடித்தான் பிடிப்பாங்க. விரல் பட்டா மெழுகு கெட்டுப்போகும் எண்டு தெரிஞ்ச ஆக்கள்தான் உள்ளுக்கு விரல் விட்டுத் தூக்குவாங்க. சதீஸுக்குத் தொழில், தெரியும். ஒண்டும் தெரியாத உங்களுக்கு அந்தப் பழக்கம் எப்பிடி வந்த?"

ருஷ்தி உருளையை மேசையில் வைத்தான். வைத்ததும் அதே பக்குவத்தோடுதான்.

"மூணுக்கு எடுத்து, அசலப் பூட்டி, ஒன்பதுக்கு விக்கிற யோசனை!" ரிப்கா எழுந்தே விட்டாள். "உதவியாம், உதவி! வெளியில த்ரீவீல் நிக்கிது, ஏறுங்க. எங்க ஒளிச்சி வெச்ச எண்டு பாப்பம்."

ஒரு மணி நேரத்தில் ருஷ்தியின் வீட்டிலிருந்து அசல் ஒலிப்பெட்டி வந்து சேர்ந்தது. சதீஸ் அதைப் பூட்டி ஓடவிட்டார். பாட்டு தெளிவாக எழுந்தது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். "மன்னிச்சிக்கோங்க தம்பி."

சதீஸ் கோப்பையை வாங்கவில்லை.

"தேத்தண்ணி அப்புறம் குடிக்கிறேன் டீச்சர். மொதல்ல போன எடுங்க. அந்த நாலு கடைக்கும் சொல்லுங்க."

டீச்சர் முதல் எண்ணை அழுத்தினார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றார் சதீஸ்.