கதையின் நீளம்

"கதை எத்தனை மணி நேரம்ப்பா?" செங்கல்பட்டு தாண்டியதும் பின்சீட்டிலிருந்து கேட்டாள் பெனிட்டா.

"பதினோரு மணி நேரம். நாகர்கோவில் போய்ச் சேர்றவரைக்கும் வரும்," என்றான் ஜெபசீலன், திரும்பிப் பார்க்காமல்.

"அப்போ பெரிய சேதிதான்."

பக்கத்தில் அவன் மனைவி பியூலா ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி தானே ஓடியதால் ஜெபசீலனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கெட்ட செய்தியை வாயால் சொல்லிப் பிள்ளைகள் மனத்தைக் காயப்படுத்தக் கூடாது என்று பள்ளிக்கூடங்களே சுற்றறிக்கை அனுப்பிய காலம் அது. அதற்காகத்தான் எல்லா வண்டிகளிலும் 'பக்குவி' இருந்தது. செய்தியை அதில் தட்டிவிட்டால் போதும். பிள்ளையின் வயதுக்கேற்ற ஓர் இளையோர் ஒலிநாவலைப் புனைந்து வழி நெடுக வாசிக்கும். மணிக்கட்டில் கட்டிய நாடிப்பட்டை துடிப்பை அளந்துகொண்டே வரும். துடிப்பு எகிறினால் கதையில் ஒரு நாய்க்குட்டி நுழையும், அல்லது மழை பெய்யும். கடைசியில் பச்சை விளக்கு எரியும். பிள்ளை பக்குவமாகிவிட்டது, பெற்றோர் காபி குடிக்கப் போகலாம். என்ன ஒரு வசதி!

பதினாறு வயது பெனிட்டாவுக்கு இது மூன்றாவது நாவல். பத்து வயதில், ஏற்காடு போகும் வழியில், பூனையைத் தொலைத்த ஒரு பையனின் கதை. திரும்பி வந்தபோது வீட்டில் பூனை இல்லை. பதின்மூன்றில், கப்பலேறிப் போன ஒரு தாத்தாவின் கதை. வண்டியிலேயே அழுது தீர்த்துவிட்டதால் சொந்தத் தாத்தாவின் அடக்கத்தில் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. எவ்வளவு பக்குவம் என்று உறவினர்கள் மெச்சினார்கள்.

இன்றைய நாயகி நிலானி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் கலங்கரை விளக்கக் காவலர்கள். இருவருக்கும் ஆளுக்கொரு தீவுக்கு மாற்றலாகிவிட்டது. நிலானி பாசமான அத்தை வீட்டில் தங்கப்போகிறாள். விழுப்புரம் வருவதற்குள் பெனிட்டாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மதுரை தாண்டும்போது இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினாள்.

"அம்மா, கதையை நிறுத்து. நீங்க ரெண்டு பேரும் பிரியப்போறீங்க. என்னை ரோஸ்லின் அத்தை வீட்டுல விடப்போறீங்க. சரிதானே? நான் அழ மாட்டேன். நீங்க சொல்லணும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை, உங்க வாயால."

பியூலாவின் உதடு அசைந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கையை நீட்டிப் பக்குவியின் சத்தத்தைக் கூட்டினான்.

"கதையைக் கேளும்மா. எல்லாம் அதுல இருக்கு."

கோழைகள். இரண்டு பேருமே கோழைகள்.

பெனிட்டா பின்னால் சாய்ந்துகொண்டாள். துடிப்பு எகிறியது, கதையில் நாய்க்குட்டி வந்தது. பிறகு துடிப்பு மெல்ல இறங்கிச் சீரானது. வள்ளியூர் வரும் முன்பே பச்சை விளக்கு எரிந்தது. பியூலா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அத்தை வீட்டில் பைகளை இறக்கியதும், எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லிப் பெனிட்டா மட்டும் வண்டிக்குத் திரும்பினாள். கால் மணி நேரம் உள்ளேயே இருந்தாள். பெற்றவர்கள் அதற்குள் இரண்டாவது காபிக்கு வந்திருந்தார்கள்.

மறுநாள் காலை அவள் கன்னத்தில் ஆளுக்கொரு முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் தெரிந்தபோது பக்குவி தானாகப் பேசியது.

"ஜெபசீலன், பியூலா இருவருக்கும் ஒரு கதை வந்திருக்கிறது. செய்தி தந்தவர் பெனிட்டா. நாடிப்பட்டைகளை அணிந்துகொள்ளுங்கள்."

ஜெபசீலனுக்கு வியர்த்தது. "கதையெல்லாம் வேண்டாம். சேதி என்ன? அதைச் சொல்லு!"

"கேட்பவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை. முதல் அத்தியாயம். ஒரு வீட்டில் ஒரு பெண் இருந்தாள்..."

பியூலா போனில் மகளை அழைத்தாள். போனை எடுத்தது ரோஸ்லின்.

"அவ இங்கதான் கட்டில்ல உக்காந்திருக்கா, மைனி. நல்லாத்தான் இருக்கா. பேச மாட்டாளாம்."

"ஏன்? என்னவாம் அவளுக்கு?"

"எல்லாம் கதையில இருக்காம். கேக்கச் சொல்லுதா."

சென்னை போக இன்னும் பத்தரை மணி நேரம் இருந்தது. ஜெபசீலன் திரையைப் பார்த்தான். கதையின் நீளம் நூற்று நாற்பது மணி நேரம் என்றிருந்தது.