பச்சை ஒயர்

பின்வாசல் சுவரோரம் மண்புழுக்கள் கூட்டமாக மேலே வந்திருந்தன. மழை விட்ட சாயங்காலத்தில் புழு வருவது சகஜம்தான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் வேலிப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் அவன் நேற்றுத் தன் கையால் பொருத்திய பிளக் பாயின்ட்டுக்கு நேர் கீழே கிளம்பி, எங்கேயாவது போய்த் தொலைந்தால் போதும் என்பதுபோல் நெளிந்து நெளிந்து அந்தச் சுவரைவிட்டு விலகிக்கொண்டிருந்தன.

எலக்ட்ரீஷியன் வர நாலு நாள் ஆகும் என்றிருந்தார். நாலு நாள் அழுக்குத் துணியோடு குடித்தனம் நடத்த முடியுமா? ஹால் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் துளை போட்டு, ஒயரை வெளியே இழுத்து, அரை நாளில் வேலையை முடித்துவிட்டான். வாஷிங் மெஷின் பின்வாசலுக்குக் குடிபோனது.

"பரவாயில்லையே, உங்களுக்கும் ஒரு வேலை தெரிஞ்சிருக்கு" என்றாள் மனைவி. கல்யாணமாகி ஆறு வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு.

பச்சை ஒயர் மட்டும் நீளம் பத்தவில்லை. அதைச் சுருட்டி உள்ளே செருகி மூடியை முடுக்கினான். மெஷின் ஓடியது. வேறென்ன வேண்டும்?

இப்போது சுவரில் கை வைக்கப் போனவன் வைக்கவில்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனைக்கு நடுவே எதுவோ லேசாகத் தீயும் நெடி. ஹாலுக்குப் போய் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டான். புழு விஷயத்தைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது.

எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. "எர்த் குடுத்தீங்களா சார்?"

"அது... நீளம் பத்தல."

"யாரையும் கிட்ட விடாதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. போங்க சார், ஓடுங்க!"

அப்போதுதான் காதில் விழுந்தது. பின்வாசலில் மெஷின் ஓடும் சத்தம்.

சமையலறை ஜன்னலுக்கு ஓடினான். அவள் முதுகைக் காட்டி நின்றாள். ஈரச் சிமென்டுத் தரையில் வெறுங்கால். இரண்டு கையும் மெஷின்மேல்.

"இந்தா... அதை விடு!"

திரும்பவில்லை.

"விளையாடாத. இங்க பாரு."

கண்ணாடி வளையல்கள் மட்டும் பதில் சொல்லின. ஒரே சீராக. கிணுகிணுகிணு.

மெயின் ஸ்விட்சை இழுத்து இறக்கினான். விளக்குகள் போயின. ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது. அப்பாடா என்று பாதி மூச்சு விட்டிருப்பான்.

மாடிப்படிக்கு அடியில் 'டிக்' என்றது.

ஹால் ஃபேன் மறுபடி சுற்றியது. பின்வாசலில் மெஷினும்.

இன்வெர்ட்டர். கரண்ட் போனாலும் ஹால் இருட்டாகக் கூடாது என்று வாங்கி வைத்தது. அவன் ஒயர் இழுத்ததும் ஹாலிலிருந்துதான்.

மண்டியிட்டான். இருட்டில் துழாவினான். செருப்பு. வாளி. பேட்டரியின் சூடு. பட்டன் எங்கே? எங்கே? இதோ. அழுத்தினான்.

ஃபேன் தளர்ந்து நின்றது. மெஷின் உறுமி, முனகி, ஓய்ந்தது. வீட்டில் இப்போது துளி கரண்ட் இல்லை.

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

வெளியே வளையல்கள் நிற்கவில்லை.

அதே சீர். அதே வேகம். பிறகு கொஞ்சம் கூடியது. இன்னும் கூடியது. மெஷின் துணி பிழியும் வேகத்துக்கு ஏறியது.