பனிக்குள் ஒரு சொல்

காலையில் பனி இறங்கிவிட்டால், பண்டார் தெங்காராவுக்கு வெளியே இருக்கும் அந்தச் சாலை வட்டத்தைச் சுற்றும்போது ரூபினி அப்பாவின் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்வாள். பள்ளிக்குப் போக வேறு வழியும் இல்லை.

போன வாரம் செம்பனைத் தோட்டச் சாலையிலிருந்து ஒரு லாரி நிற்காமல் வட்டத்துக்குள் பாய்ந்தது. அப்பா ஜெயபாலன் மோட்டார் சைக்கிளைச் சட்டென ஒடித்துத் திருப்பியதால் இருவரும் பிழைத்தார்கள். அவருடைய முழங்கைக் காயம் இன்னும் ஆறவில்லை. மறுபடியும் லாரி அப்படி வந்தால் அப்பா என்ன ஆவார் என்று ரூபினி தினமும் பயந்தாள்.

பக்கத்து வீட்டு சபாபதி மாமா அந்தச் சாலையில்தான் லாரி ஓட்டுகிறார். "ஏன் மாமா, அங்க யாருமே நிக்கிறதில்ல?" என்று அவரிடம் கேட்டாள்.

மாமா குரலைத் தாழ்த்தினார். "அந்த எடத்துக்குக் காவல் ஆவி ஒண்ணு இருக்கு. டத்தோன்னு சொல்வோம். மலாய்ல 'தும்பாங் லாலு', கடந்து போறேன்னு கேட்டு ஹார்ன் அடிப்போம். உடனே பனிக்குள்ள 'லாலு'ன்னு எழுத்து தெரியும். போன்னு உத்தரவு. அப்புறம் நின்னா கோவிச்சுக்குவாரு லா."

ஆவிக்கு எழுதத் தெரியுமா? ரூபினிக்குச் சந்தேகமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை, "அப்பா, அந்த எழுத்தப் பாக்கணும்" என்றாள்.

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. கைய விடாத."

தோட்டச் சாலை ஓரத்துப் புல்லில் நின்று, அப்பா வண்டி விளக்கைத் திருப்பினார். தரையைத் தொடாமல், பனிக்குள் 'லாலு' மிதந்தது. பக்கத்தில் ஏதோ சரசரத்தது.

ரூபினி ஓரடி எடுத்து வைத்தாள். "தும்பாங் லாலு, டத்தோ" என்று முணுமுணுத்தபடி கையை நீட்டினாள். சில்லென்று ஓர் இரும்புத் தூண் கையில் பட்டது. அதில் ஈரக் கொடி அடர்ந்து ஏறியிருந்தது.

கொடியைப் பிடித்துப் பலமாக இழுத்தாள். தூணின் உச்சியில் இருந்த பலகையில் 'லாலு'வுக்கு மேலே 'பெரி' வெளியே வந்தது. ஓரத்தில் 'வான்' வந்தது.

"பெரி லாலுவான்! வழி விடுன்னு போட்டிருக்குப்பா. நம்மள மாதிரி வட்டத்துக்குள்ள சுத்தி வர்றவங்களுக்கு வழி விடணும். கொடி மூடினதுல 'லாலு' மட்டும் தெரிஞ்சிருக்கு."

அப்போது ஹார்ன் ஒலித்தது. சபாபதி மாமாவின் லாரி. அதன் விளக்கு பலகையில் விழுந்தது. லாரி கிரீச்சிட்டு நின்றது.

மாமா தலையை வெளியே நீட்டி எழுத்துக் கூட்டிப் படித்தார். "அலமாக், இத்தன நாளா பாதிச் சொல்லத்தான் படிச்சேனா?"

அவர் இன்ஜினை அணைத்தார். பிறகு, "ஜெயபாலன், நீங்க மொதல்ல போங்க" என்றார்.

அவர்கள் வட்டத்தைச் சுற்றி முடிக்கும்வரை லாரி அசையவில்லை. அதன் பின்னால் வந்த மூன்று லாரிகளும் ஹார்ன் அடிக்காமல் காத்து நின்றன.