முதல் ரயிலில் வரும் பூட்ஸ்

எழுந்தேன். அடுப்பில் கெட்டிலை வைத்தேன். நாகிசாவின் படத்துக்கு முன்னால் தண்ணீரை மாற்றி, ஊதுபத்தி ஏற்றி, மணியை ஒருமுறை தட்டினேன். குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வாசலில் கோஹரு நின்றிருந்தாள்.

என் மனைவி நாகிசாவின் தோழி. சனிக்கிழமைகளில் இருவரும் சிங்காரித்துக்கொண்டு ஹராஜுகு தெருவில் நிற்பார்கள். படம் எடுப்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பிறகு ஷிபுயாவில் விடியும்வரை ஆடிவிட்டு முதல் ரயிலில் திரும்புவார்கள். இப்போது கோஹரு தனியாகப் போகிறாள். ஆரஞ்சு முடி, அது நிறைய பிளாஸ்டிக் கிளிப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாவாடைகள்.

காலில் நாகிசாவின் பூட்ஸ்.

"மறுபடியுமா?" என்றேன்.

"போன வாரமும் இங்க வந்து நின்னப்போ போதைன்னு கிண்டல் பண்ணீங்க. இன்னிக்கு வெறும் டீதான் அண்ணே."

"கவாசாகியில வீடு இருக்கறவ இங்க கோயன்ஜியில எப்படி இறங்குவ?"

"கவாசாகி ரயில்லதான் ஏறினேன். தூங்கவே இல்ல."

அவள் குரல் தணிந்தது.

"அண்ணே, இதைக் கழட்ட முடியல."

உள்ளே உட்கார வைத்தேன். பூட்ஸின் தோல் ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. ஜிப் இறங்கியது. கால் வரவில்லை. நான் வாசல் பக்கம் இழுத்தேன். பூட்ஸ் வீட்டுக்குள் இழுத்தது.

சோப்புத் தண்ணீர் ஊற்றி உருவினேன். அவள் விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

புதுச் செருப்பை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு இரவில் வெளியேறக் கூடாது என்பார்கள். பிணம்தான் அப்படிப் போகும். போயே தீர வேண்டுமென்றால் அடியில் கொஞ்சம் கரி பூசுவோம். இறந்த இரவு இந்தப் புது பூட்ஸை மாட்டியபோது நாகிசா பூசவில்லை. நடன விடுதியின் படிக்கட்டில் விழுந்து கிடந்தபோதும் பூட்ஸின் அடி வெள்ளையாகவே இருந்தது. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து அவள் பொருட்களைப் பகிர்ந்தோம். கோஹரு இதைக் கேட்டாள். கொடுத்தேன்.

"எரிச்சிடுங்க அண்ணே."

"நாகிசாவோடது."

"அதனாலதான் சொல்றேன்." காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அவ எங்கிட்ட வரல. உங்ககிட்டதான் வரா. நான் வெறும் காலு. இன்னும் ரெண்டு வாரம் போனா எனக்கு நடக்கவே கால் இருக்காது."

என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். ரயில் ஏறியதும், வீடு சேர்ந்ததும் செய்தி அனுப்பினாள். இரண்டாவது வந்த பிறகுதான் போனைக் கீழே வைத்தேன்.

எரிக்க மனம் வரவில்லை. பூட்ஸை வெளியே, நுனி படிக்கட்டைப் பார்க்க வைத்தேன். அன்றிரவு, கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கதவுச் சங்கிலியை மாட்டிவிட்டுப் படுத்தேன்.

தூக்கத்தில் ஒரு சத்தம். தடித்த அடி தரையில் பட்டதுபோல.

நிசப்தம்.

இன்னொன்று. இன்னும் பக்கத்தில்.

கண்ணைத் திறக்கவில்லை.

விடிந்தபோது சங்கிலி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியே இருந்தது. பூட்ஸ் என் தலையணையருகே, நுனி என்னைப் பார்க்க நின்றது.

உள்ளே கைவிட்டுப் பார்த்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

நாகிசா கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்டபோது, 'போயிட்டு வரேன்' என்றாள் என்று சொல்லிவைத்தேன். அவள் சொன்னது அதுவல்ல. ஜிப்பை இழுத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"சங்கிலி போடாத. நீ தூங்கு. நான் சத்தமில்லாம உள்ள வந்துக்கறேன்."