கடைசியில் வைத்த சத்தகம்

தாரிகாவின் நடையே அன்று காலையிலிருந்து மாறிவிட்டது. பத்து வயதிலேயே அவளுக்குப் பெரிய பதவி கிடைத்திருந்தது. ஆயுத பூசைக்காக வீட்டிலுள்ள கத்திகளையெல்லாம் துலக்கி, வரிசையாக அடுக்கிப் பொட்டு வைக்கும் வேலை முழுவதும் இந்த வருடம் அவளுடையது.

"கவனமாச் செய்வியோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓமம்மா. எனக்கு எல்லாக் கத்தியும் தெரியும்."

பெருமை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பொய் இல்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டே, ஆறு வயதுத் தம்பி அனோஜனுக்குப் பாடம் எடுத்தாள்.

"இது கொடுவாக் கத்தி. விறகு கொத்த, தேங்காய் உடைக்க. பாரமா இருந்தாத்தான் வேலை நடக்கும். இது மரக்கறி வெட்டுற சில்வர் கத்தி, கறல் பிடியாது. இந்த இரும்புக் கத்தி மீனுக்கு. ஈரத்திலை விட்டாக் கறல் பிடிக்கும், ஆனாத் தீட்டி எடுத்தா இதை மாதிரி ஒண்டும் வெட்டாது."

அனோஜன் பாக்குவெட்டியைத் திறந்து மூடினான். "இதுக்கு வாய் இருக்கு!"

"விரலை வைச்சியெண்டால் கடிக்கும். கீழை வை."

கடைசியாக ஒரு சின்னக் கத்தி மிஞ்சியது. அது கொக்கைச் சத்தகம். நீளத் தடியின் நுனியில் கட்டி, உயரத்திலுள்ள பூவரசங் குழையை இழுத்து அறுப்பதற்கு அப்பா வைத்திருப்பது. கொக்கி மாதிரி வளைந்திருக்கும். உள்வளைவில் மட்டும்தான் கூர். வெளிப்பக்கம் மொட்டை. எவ்வளவு தேய்த்தும் அது கறுப்பாகவே இருந்தது.

"உது வடிவில்லை அக்கா," என்றான் அனோஜன்.

தாரிகாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. பளபளக்கும் கத்திகளை முன்னால் வைத்து, சத்தகத்தைக் கடைசியில் தள்ளிவிட்டாள்.

அம்மாவின் தையல் கத்தரிக்கோலுக்கும் ஒரு இடம் கிடைத்தது. அனோஜன் தன் பங்குக்கு நகவெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். பிறகு வாயை ஆவென்று திறந்து காட்டினான்.

"பல்லும் வெட்டுந்தானே. இதுக்கும் பொட்டு வை."

"போடா!" என்று தாரிகா சிரித்தாள்.

பூசை நன்றாக முடிந்தது. "நாளைக்குக் காலமை வரைக்கும் ஒருத்தரும் ஒண்டையும் தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டு, அவலும் கடலையும் எடுத்துக்கொண்டு அம்மா தெருவுக்குப் போகும் ஒழுங்கையின் முனையிலிருந்த வீட்டுக்குப் போனார்.

சற்று நேரத்தில் பின்வளவில் ஏதோ அலறும் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள்.

பக்கத்து வீட்டு அற்புதராணி அன்ரியின் ஆட்டுக்குட்டி! கீரைப் பாத்தியைச் சுற்றிக் கட்டியிருந்த பழைய மீன் வலைக்குள் தலையை விட்டு, வெளியே வரத் தெரியாமல் துள்ளியிருக்கிறது. நைலோன் நூல் கழுத்தை இறுக்கி, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. அன்ரி வீட்டுப் படலை பூட்டிக் கிடந்தது.

தாரிகா நூலை விரலால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"விலகு அக்கா! என்ரை பல்லைப் பூசையிலை வைக்கேல்லைத்தானே!"

அனோஜன் குனிந்து வலையைக் கடித்தான். நூல் அறவில்லை. வாய் நிறைய மண்தான் வந்தது.

குட்டியின் சத்தம் குறைந்துகொண்டே போனது.

"ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. கெதியா ஓடு!"

தம்பியை அனுப்பிவிட்டு, அவள் பூசை அறை வாசலுக்கு வந்து ஒரு கணம் நின்றாள். அம்மாவின் சொல்லை மீறப் பயமாக இருந்தது. சரஸ்வதி படத்தைப் பார்த்தாள்.

"குட்டி செத்துப்போயிடும். அது நாளைக்குக் காலமை வரைக்கும் தாங்காது," என்று சாமியிடமே சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

எதை எடுப்பது? கொடுவாக் கத்தியை ஓங்கினால் நூலோடு கழுத்தும் போய்விடும். சில்வர் கத்தி, மீன் கத்தி இரண்டின் நுனியும் குத்திவிடும், குட்டி துள்ளுகிறதே! கத்தரிக்கோல் நுழைய இடமே இல்லை. அப்போதுதான் கடைசியில் கிடந்த சத்தகம் கண்ணில் பட்டது.

குட்டியை முழங்கால்களுக்கு நடுவே அணைத்துப் பிடித்தாள். சத்தகத்தின் மொட்டையான முதுகைக் கழுத்தோடு சேர்த்து, நூலுக்கு அடியில் மெதுவாக நுழைத்தாள். நூல் உள்வளைவுக்குள் விழுந்தது. கழுத்திலிருந்து விலக்கி இழுத்தாள்.

டிக். ஒன்று அறுந்தது. டிக். இன்னொன்று.

ஆறாவது நூல் அறுந்ததும் குட்டி இருமியது. மூச்சை இழுத்தது. தள்ளாடி எழுந்து நின்று, நன்றி சொல்வதற்குப் பதிலாக அவளுடைய புதுப் பாவாடையில் புழுக்கை போட்டது.

அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். தாரிகா சத்தகத்தை நிலத்தில் வைத்தாள். அவர்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை.

"அம்மா, பூசையிலை இருந்ததை எடுத்துப்போட்டன்," என்றாள்.

அம்மா குட்டியின் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"அவ்வளவு கத்தி இருக்க, ஏன் உதை எடுத்தனீ?"

"மற்றதெல்லாம் கழுத்திலை பட்டிருக்கும் அம்மா. இதின்ரை முதுகு மொட்டை. உள்ளுக்கை விட்டு இழுத்தா நூலை மட்டுந்தான் வெட்டும்."

அந்த நேரம் அற்புதராணி அன்ரி ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தார். அம்மா வேலிக்கு மேலால் எட்டி, ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

"ராணியக்கா! இஞ்சை வந்து பாருங்கோ, என்ரை பிள்ளை செய்த வேலையை!"

தாரிகாவுக்குக் காது சூடாகியது. ஆனால் தலை தானாக நிமிர்ந்துகொண்டது.

அம்மா சத்தகத்தைக் கழுவித் துடைத்துப் பூசை அறையில் வைத்தார். "எந்த இடத்திலை வைக்கிறதெண்டு நீயே பார். உன்ரை வேலைதானே," என்றார்.

தாரிகா யோசிக்கவே இல்லை. கொடுவாக் கத்தியைப் பின்னால் நகர்த்தி, கறுத்த சத்தகத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள். இருப்பதிலேயே பெரிய பொட்டாக வைத்தாள்.

வரிசையின் முடிவில் அனோஜன் வந்து சப்பாணி கட்டி உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்தான். "என்ரை பல்லும் வேலை செய்தது!"

பல்லில் வைத்தால் நக்கிவிடுவான் என்று, தாரிகா அவன் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தாள்.