கீழத்தெருச் சுவர்

மீளுருப்பொறி வேலையை முடித்து அடங்கியபோது வெண்ணாங்குடியே கைதட்டியது. தேக்குத் தூண்கள், சுண்ணாம்பு மாடங்கள், தேர்முட்டி, மணிக்கூண்டு எல்லாம் கொள்ளுத்தாத்தா காலத்தில் இருந்தபடியே எழுந்து நின்றன. எந்தக் காலம் என்று சொன்னால் போதும். மண்ணில் பதிந்த சுவட்டைப் படித்து, அணு அணுவாக அடுக்கிவிடும் பொறி அது. அதை உருவாக்கிய பூங்கோதைக்குப் பெருமை தாங்கவில்லை. பிறந்த ஊருக்கே செய்து காட்டிவிட்டாளே!

அப்போதுதான் அம்மா போனில் அழைத்தாள்.

“ஏண்டி, நம்ம தெரு முனையில ஒரு சுவர் நிக்குதே, நீ எழுப்பினதாமே?”

பூங்கோதை ஓடினாள். கீழத்தெருவையும் தேரடியையும் பிரித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் சுவர். கீழத்தெரு ஆட்கள் தேரடிப் பக்கம் வரக் கூடாதென்று அந்தக் காலத்தில் கட்டியது. பெரிய போராட்டம் நடத்தி இடித்தது. பொறிக்கு நல்லது கெட்டது தெரியுமா? இருந்ததையெல்லாம் கொண்டுவந்துவிட்டது. இனி அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகச் சுடுகாட்டைச் சுற்ற வேண்டும்.

பேரூராட்சித் தலைவர் தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனாள்.

“அந்தச் சுவரை எடுக்கணுங்க ஐயா.”

“எப்படிம்மா? மீட்டெடுத்ததுல ஒரு செங்கலைத் தொட்டாலும் ஜெயில்னு சட்டம் இருக்கே. பாரம்பரியம்னா நாலும் இருக்கத்தான் செய்யும். நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுக்கணும்.”

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“இடிக்கத்தானே கூடாது? ஊரை இன்னும் பழசாக்கலாமில்லையா?”

“தாராளமா! பழசாக ஆகப் பெருமைதானே?”

அங்கேயே உட்கார்ந்து, சுவருக்கு முந்தைய காலத்தைப் பொறியின் கைத்திரையில் விரித்தாள். தலைவர் ஆவலாக எட்டிப் பார்த்தார். கீழத்தெரு இருந்தது. சுவர் இல்லை.

“இங்க என்னம்மா ஒரே நீலமா இருக்கு?”

“ஏரிங்க ஐயா. உங்க பாட்டனார் தூர்த்து வீடு கட்டுறதுக்கு முந்தி. நாம உட்கார்ந்திருக்கிற இடம் நல்ல ஆழம். நாளைக்கே ஆரம்பிச்சிடலாமா?”

தலைவர் சட்டென்று காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சுவரில் முதல் கடப்பாரையை இறக்கியவர் அவர்தான். போலீஸ் வந்து தடுத்தபோது, “இப்படியொரு சுவர் இந்த ஊர்ல இருந்ததே இல்லைங்க, பொறி ஏதோ தப்பாப் போட்டுடுச்சு” என்று துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் செய்தார்.

“இருந்துச்சு சார்,” என்றாள் பூங்கோதை. “யாரோட பாட்டனார் கட்டினாருன்னும் மண்ணு சொல்லும். முதல்ல அதை எழுதிக்குங்க. அப்புறம் ஐயா இடிக்கட்டும்.”