நீலியாறு போட்ட வாக்கு

சட்டப்படி முதல் வாக்கு ஆற்றினுடையது. தேர்தல் அலுவலர் இசக்கிப்பாண்டி படித்துறையில் இறங்கி, நீலியாற்றின் தண்ணீரில் ஒரு சொட்டு அழியாத மையை விட்டார். வேட்டி நனைந்ததற்கு யாரையோ திட்டினார். ஆறு வாக்களித்துவிட்டதற்கு அடையாளமாக அவர் கையிலிருந்த கருவி ஒருமுறை ஒலித்தது. அதன் பிறகுதான் மனிதர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஆறுகளுக்கு வாக்குரிமை வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. படுகையில் கடுகளவு கேள்மணிகளை லட்சக்கணக்கில் தூவிவிடுவார்கள். அவை கேட்கும், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், சில ஆண்டுகளில் அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே மனம் உண்டாகிவிடும். நீர்மனம் என்று அதற்குப் பெயர். பேச்சையும் நல்லது கெட்டதையும் அது கரையில் புழங்குகிறவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டாக வேண்டும். தனியாக ஒரு வாத்தியாரை வைக்க அரசாங்கத்துக்குத் தோன்றவில்லை. பேசும்போதும் கேட்ட குரல்களில்தான் பேசும். செத்துப்போனவர்களின் குரலும் அதில் உண்டு. அதனால் பொழுது சாய்ந்தபின் படித்துறைப் பக்கம் யாரும் தனியாகப் போவதில்லை.

விண்குழாய் நிறுவனம் ஒன்று நீலியாற்றை மொத்தமாக உறிஞ்சி நிலாக் குடியிருப்புக்கு அனுப்ப அனுமதி வாங்கியிருந்தது. தடுக்க ஒரே வழி மக்கள் முன்மொழிவு. போதுமான பேர் கையெழுத்துப் போட்டால் கேள்வி நேராக வாக்கெடுப்புக்கு வரும். கரையோரம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த செண்பகவடிவு தெருத்தெருவாக அலைந்து கையெழுத்து வாங்கினாள். ஆறு போனால் கொடிக்கால் போயிற்று, ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். முன்மொழிவு ஜெயிக்க ஊரின் பெரும்பான்மையும் வேண்டும், ஆற்றின் சம்மதமும் வேண்டும். இரண்டாவதைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. என்னைக் காப்பாற்றாதே என்று எந்த ஆறு சொல்லும்?

நிறுவனத்தார் பிரசாரத்துக்கே வரவில்லை. ஒரு குடமோ ஒரு சேலையோகூடத் தரவில்லையே என்று ஊரில் பலருக்கு மனத்தாங்கல். வாக்கெடுப்புக்கு முந்தின வாரம், மலையில் தங்கள் வசமிருந்த அணையை மட்டும் திறந்துவிட்டார்கள். முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்த ஆறு கரைபுரண்டது. பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போட்டார்கள்.

"நம்ம கஷ்டம் சாமிக்குக் கேட்டுட்டு," என்றாள் செண்பகவடிவு.

மாலையில் எண்ணி முடித்தபோது ஏறக்குறைய ஊர் முழுவதும் முன்மொழிவின் பக்கம் இருந்தது. வெடி கொளுத்தப் போனவர்களை இசக்கிப்பாண்டி தடுத்தார்.

"பொறுங்கய்யா. ஆத்தோட ஓட்டு இன்னும் பாக்கலைல்லா?"

கருவியைத் திறந்து பார்த்தவர், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"வேண்டாம்னு போட்டிருக்கு."

செண்பகவடிவு படித்துறைக்கு ஓடினாள். அவள் புருஷனுடைய தங்கை கோமு கூடவே ஓடினாள். ஊர்க்காரர்கள் பயந்துகொண்டு கொஞ்சம் தள்ளியே வந்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணுன?" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினாள் செண்பகவடிவு. "ஒன்னைய மொத்தமா உறிஞ்சிருவாவன்னு தெரியுமா, தெரியாதா?"

தண்ணீர் படிகளில் மோதியது. அதிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது.

"தெரியும். ஆனா அணையத் தெறந்து தண்ணி குடுத்தாவல்லா? வேண்டாம்னா சொன்னேன்? கை நீட்டி வாங்கிட்டு மாத்திக் குத்துனா எப்படி? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லா?"

கோமு பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"மதினி, நீங்களா பேசுதிய?"

செண்பகவடிவின் வாய் மூடியிருந்தது. குரல் மட்டும் அவளுடையது. போன தேர்தலில் கட்சிக்காரர்கள் கொடுத்த சேலையை இதே படியில் அலசிக்கொண்டே, இதே வார்த்தைகளை அவள் கோமுவிடம் சொல்லியிருந்தாள். மாற்றிப் போடுவது பாவம் என்று அன்றைக்கு மெய்யாகவே நம்பினாள். இன்றைக்கும் நம்புகிறாள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

மலையில் அணையை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஒரு படி இறங்கியது.

"அது சொல்லுததும் நியாயந்தான," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

செண்பகவடிவும் தலையாட்டினாள்.